வாரம் ஒருநாள் மட்டும் கிட்டார் வாசிக்கிறீர்களா? கோட்டட் ஸ்ட்ரிங் உங்களுக்குத்தான்!

பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஆப் எதிலாவது 'எலெக்ட்ரிக் கிட்டார்' என்று தேடிப் பாருங்கள். 'வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு, அதிகம் வாசிக்கல, டைம் இல்லாததால் விற்கிறேன்' என்ற ரகத்தில் விளம்பரங்கள் வரிசையாக வரும். போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கம்பிகளைக் கவனியுங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய மெல்லிய கம்பிகள், சில படங்களில் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கும்.

அந்த விளம்பரங்களில் ஒன்று என்னுடையதாகவும் இருந்திருக்க வேண்டியது. நூலிழையில் தப்பித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். திருவான்மியூரில் வாடகை ரூம். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து அழகாக மாட்டினேன். டிஜிட்டல் டெஸ்க் ஷிஃப்ட் முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றும். அதனால் வாசிப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரண்டு மாதத்தில் முதல் கம்பி கறுத்தது. விரலை நகர்த்தினால் உப்புத்தாளில் தேய்ப்பது போல இருந்தது. ட்யூனர் 'சரி' என்று பச்சை காட்டும். ஆனால் 12-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி எங்கேயோ போகும். யூடியூபில் பார்த்தபடி கம்பியை வளைத்தால், அது நகரவே மாட்டேன் என்றது. 'நமக்கு மியூசிக் வராது போல' என்று முடிவு கட்டிவிட்டேன்.

விற்பதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கிட்டார் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"எப்பம்மா கடைசியா ஸ்ட்ரிங் மாத்துனீங்க?"

"மாத்தலையே அண்ணா. அறுந்தாத்தானே மாத்தணும்?"

"பல்லு விழுந்தாத்தான் பிரஷ் மாத்துவீங்களா?"

புது செட் போட்டுக் கொடுத்தார். அதே கிட்டார், அதே விரல். வளையாத கம்பி வளைந்தது. சுருதி நின்றது. ஆறு மாதமாக என்மேல் போட்டுக்கொண்டிருந்த பழி முழுக்க, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பியின் துருவுக்குச் சேர வேண்டியது.

அதற்கப்புறம்தான் 'கோட்டட் ஸ்ட்ரிங்' பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கம்பிகள். சாதா செட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்கூட விலை இருக்கும். விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: 'அதெல்லாம் பெரிய ப்ளேயர்களுக்கு. நீங்க கத்துக்கிறவங்க, சாதாவே போதும்.' இந்த அறிவுரை நம்மில் பலருக்குத் தலைகீழானது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கம்பி எப்படிச் 'சாகிறது'?

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆறு கம்பிகளும் ஒரே மாதிரி இல்லை. சாதாரணமாகப் போடும் 9-42 அல்லது 10-46 செட்டில், மேல் சுருதிக் கம்பிகள் மூன்றும் வெறும் எஃகுக் கம்பிகள். மேலே மெல்லிய வெள்ளீய முலாம் மட்டும் இருக்கும். கீழ் சுருதிக் கம்பிகள் மூன்றும் 'சுற்றிய' கம்பிகள்: நடுவில் எஃகு, அதைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி இன்னொரு கம்பி. அந்தச் சுற்று பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய எஃகு.

இரண்டும் கெடும் விதம் வேறு வேறு. வெறும் கம்பி துருப்பிடிக்கும். சுற்றிய கம்பியில், சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வியர்வை, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் எல்லாம் போய் அடைத்துக்கொள்ளும். கம்பியின் எடை ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்து, சீரில்லாமல் ஆகும். அதிர்வு சீக்கிரம் அடங்கும். முதலில் கேட்ட மணி போன்ற 'கிணுங்' போய், 'தொப்' என்று ஒரு சத்தம் மிஞ்சும். சுருதி கலைவதற்கும் இதுவே ஒரு காரணம்.

நம்ம ஊரில் ஏன் இவ்வளவு வேகம்?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு தானாக நீர்விட்டுக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இது அடிப்படை வேதியியல்.

வியர்வையிலும் இருப்பது அதே உப்புதான். வாசித்து முடித்துக் கிட்டாரை மாட்டிவிட்டுப் போகிறோம். கம்பியில் ஒட்டிய உப்பு அங்கேயே இருக்கிறது. வறண்ட ஊராக இருந்தால் அது காய்ந்து சும்மா கிடக்கும். சென்னையில் காலை நேர ஈரப்பதம் வருஷத்தில் பல மாதங்கள் 75 சதவீதத்தைத் தொடும், தாண்டும். அதாவது நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் கம்பி மீது ஒரு மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைப்பதில் கெட்டிக்காரன்.

கடற்கரை ஏரியா என்றால் இன்னும் மோசம். கடல் காற்றே உப்பைத் தூக்கி வருகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருப்பவர்களிடம் பைக்கும் ஏசியின் வெளி யூனிட்டும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

ஏசி ரூமில் வைத்தால் தப்பிக்கலாமா? ஏசி ஓடும்வரை காற்று வறண்டிருக்கும், நல்லதுதான். ஆனால் குளிர்ந்துபோன கிட்டாரை அப்படியே பால்கனிக்கு எடுத்துப் போனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலக் கம்பியும் வியர்க்கும். பத்து நிமிஷம் கவருக்குள்ளேயே வைத்திருந்துவிட்டுத் திறப்பது நல்லது.

கோட்டிங் என்ன செய்கிறது?

இந்தப் பூச்சுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை உண்டு. 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது, நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு புதுப் பொருள் கிடைத்தது. மழை ஜாக்கெட்டுகளில் வரும் கோர்-டெக்ஸ் அதிலிருந்து பிறந்ததுதான். அதே கோர் நிறுவனம் 1990-களில் கிட்டார் கம்பிக்கும் அந்தப் பொருளைப் பூசி, எலிக்ஸிர் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. மழையை வெளியே நிறுத்திய அதே பொருள், வியர்வையையும் வெளியே நிறுத்தும் என்பதுதான் ஐடியா.

இன்று மார்க்கெட்டில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, சுற்றி முடித்த கம்பிக்கு மேல் ஒரு படலம் போர்த்துவது. எலிக்ஸிரின் வழி இது. பள்ளங்களுக்கு மேலேயே மூடி விழுவதால் அழுக்கு உள்ளே இறங்காது. இதில் பாலிவெப் தடிமனானது, நானோவெப் மெல்லியது, ஆப்டிவெப் அதைவிட மெல்லியது.

இரண்டாவது வகை, சுற்றப்போகும் கம்பிக்கு முதலிலேயே பூச்சு கொடுத்துவிட்டு, அப்புறம் சுற்றுவது. டி'அடாரியோவின் பழைய இ.எக்ஸ்.பி. வரிசை இப்படித்தான் வந்தது. உலோகம் பாதுகாக்கப்படும். பள்ளங்கள் மட்டும் திறந்தே இருக்கும்.

மூன்றாவது வகையைக் 'கோட்டட்' என்று சொல்லாமல் 'ட்ரீட்டட்' என்பார்கள். தனிப் படலமாகத் தெரியாத அளவுக்கு மெல்லிய சிகிச்சை. டி'அடாரியோவின் எக்ஸ்.டி. இந்த ரகம். கைக்குச் சாதா கம்பி போலவே இருக்கும்.

கணக்கு எளிது: பூச்சு தடிமனாக இருந்தால் பாதுகாப்பு அதிகம், கையில் வழுக்கலும் சத்தத்தில் மென்மையும் சேர்ந்தே அதிகம். மெல்லியதாக இருந்தால் சாதா கம்பிக்கு நெருக்கம்.

'பிளாஸ்டிக் பூசினால் பிக்கப்புக்குக் கேட்குமா?'

நியாயமான சந்தேகம். எனக்கும் இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காற்றிலுள்ள ஒலியைக் கேட்பதில்லை. அது காந்தமும் அதைச் சுற்றிய செப்புச் சுருளும். எஃகுக் கம்பி அதன் மேல் ஆடும்போது காந்தப்புலம் மாறுகிறது; அதுவே மின்சாரமாகி ஆம்ப்புக்குப் போகிறது. பூச்சு காந்தத்தை மறைக்காது. வித்தியாசம் வருவதெல்லாம் கம்பியின் ஆட்டம் கொஞ்சம் அடங்குவதால்தான். மெல்லிய பூச்சுகளில், அதுவும் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால், என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. நல்ல காது உள்ளவர்கள் க்ளீன் டோனில் கண்டுபிடிப்பார்கள்.

இங்கேதான் ஆன்லைனில் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. 'கோட்டட் கிட்டார் ஸ்ட்ரிங்' என்று தேடினால் அக்கூஸ்டிக் செட்களும் கலந்து வரும். அவற்றின் சுற்று வெண்கலம். வெண்கலம் காந்தத்துக்கு மசியாது. எலெக்ட்ரிக்கில் மாட்டினால் தடித்த கம்பிகள் மட்டும் சோர்ந்துபோய்க் கேட்கும். பாக்கெட்டில் 'எலெக்ட்ரிக்', 'நிக்கல்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, யாருக்கு உண்மையில் தேவை?

விஷயத்துக்கு வருவோம். தொடர்ந்து மேடையேறும் ப்ளேயர் என்ன செய்கிறார்? பலர் ஷோவுக்கு ஷோ புதுக் கம்பி போடுகிறார்கள். மாற்றிக் கொடுக்கவே ஆள் இருக்கும். மூன்று நாளில் கழற்றப்போகும் கம்பிக்குத் துருப்பாதுகாப்பு எதற்கு? அவர் சத்தத்துக்காகவோ, கைப்பழக்கத்துக்காகவோ கோட்டட் போடலாம். ஆயுளுக்காகப் போட வேண்டிய அவசியம் குறைவு.

நம் நிலைமை வேறு. ஞாயிறு ஒரு மணி நேரம் வாசிப்போம். அடுத்த வாரம் ஊருக்குப் போவோம், அதற்கடுத்த வாரம் டெட்லைன். கம்பி தேய்வதில்லை, சும்மா தொங்கித் தொங்கியே துருப்பிடிக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கையில் எடுக்கும்போது கம்பி நல்லபடியாக இருந்தால் அன்று அரைமணி நேரம் வாசிப்போம். சொரசொரவென்று இருந்தால் திரும்ப மாட்டிவிட்டு போனை எடுப்போம். பழக்கம் விட்டுப்போவதற்கு இது போதும். அதிலும் புதிதாகக் கற்பவருக்குத் தப்பு கம்பியிலா, விரலிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அனுபவசாலி ஒரு ஸ்ட்ரோக்கிலேயே 'கம்பி போச்சு' என்பார். நாம் 'நமக்கு வராது' என்போம்.

அதனால்தான் சொல்கிறேன்: அடிக்கடி கம்பி மாற்றுகிறவரைவிட, மாற்ற மறந்துவிடுகிறவருக்குத்தான் கோட்டட் ஸ்ட்ரிங் அதிகம் தேவை.

காசுக் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, சாதா செட் 600 ரூபாய், கோட்டட் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை இரண்டரை மடங்கு. அப்படியென்றால் கோட்டட் செட் உங்கள் வீட்டில், உங்கள் கையில், இரண்டரை மடங்குக்கு மேல் நாள் தாங்கினால் லாபம். இல்லையென்றால் நஷ்டம். இவ்வளவுதான் ஃபார்முலா. விலை அடிக்கடி மாறும். நீங்கள் பார்க்கும் விலையைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் தாங்குகிறது என்று எப்படித் தெரியும்? கம்பி மாற்றிய தேதியைச் சின்ன டேப்பில் எழுதிக் கிட்டார் தலைக்குப் பின்னால் ஒட்டுங்கள். என் கிட்டாரில் சாதா செட் ஐந்தாறு வாரம். கோட்டட் கிட்டத்தட்ட ஐந்து மாதம். இது ஒரு ரூம், ஒரு ஆள், ஒரு கிட்டாரின் கதை மட்டுமே. உங்கள் வியர்வையின் தன்மை வேறு, உங்கள் ஊர் வேறு. தேதியை எழுதினால் உங்கள் கதை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எல்லாக் கம்பிக்கும் பாதுகாப்பு உண்டா? இதுதான் முதல் கேள்வி. சில செட்களில் சுற்றிய மூன்று கம்பிகளுக்கு மட்டுமே பூச்சு இருக்கும். வெறும் கம்பிகளுக்குத் தனியாகத் துருத்தடுப்பு முலாமோ சிகிச்சையோ இருக்கிறதா என்று பாக்கெட்டில் தேடுங்கள். முதலில் துருப்பிடிப்பது அவைதானே.

முன்னால் போட்டிருந்த தடிமனா? 9 செட் இருந்த கிட்டாரில் 10 போட்டால் இழுவிசை கூடும். நெக், பிரிட்ஜ் எல்லாம் மறுபடி செட் பண்ண வேண்டிவரலாம். கோட்டட்டுக்கு மாறும் அன்றே தடிமனையும் மாற்றாதீர்கள். எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் போய்விடும்.

கூடவே ஒரு தனிக் கம்பி வாங்கினீர்களா? ட்யூன் பண்ணும்போது அறுவது பெரும்பாலும் முதல் கம்பிதான். 1,500 ரூபாய் செட் போட்ட மறுநாள் அது அறுந்தால் வயிறு எரியும். அதே தடிமனில் வெறும் எஃகுக் கம்பி ஒற்றையாகவே விற்கிறார்கள். இரண்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவா? பெரிய பிராண்டுகளுக்குப் போலி பாக்கெட்டுகள் உலகம் முழுக்க உலவுகின்றன. சுருட்டிய பில்லோடு தருகிற கடையோ, அதிகாரபூர்வ விற்பனையாளரோ பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

பூச்சால் முடியாதது

கோட்டிங் போட்டால் கம்பி சாகாவரம் பெறாது. ஃப்ரெட்டில் திரும்பத் திரும்ப அழுத்துவதால் கம்பியின் அடிப்பக்கம் பள்ளம் விழும். நகத்தால் தடவினால் தெரியும். அதற்குப் பூச்சால் ஒன்றும் செய்ய முடியாது. பிக்கால் பலமாக அடித்து வாசிப்பவர்களுக்குத் தடிமனான பூச்சு பிசிறு பிசிறாகக் கிளம்பி, கம்பியில் வெள்ளை நூல் தொங்குவது போலவும் தெரியலாம். மெட்டல் வாசிக்கிறவர்கள் மெல்லிய பூச்சோ, சாதா கம்பியோ பார்ப்பது நல்லது.

புதுக் கம்பியின் பளிச் சத்தமே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். மோடவுன் பாடல்களில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி மாற்றுவதையே விரும்பாதவர் என்று பெயர் பெற்றவர். அவரது பாஸ் கிட்டாரும் அந்தச் சத்தமும் வேறு உலகம். ஆனால் மங்கிய சத்தம் தெரிந்து தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். துரு நமக்காகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கக் கூடாது.

இன்னொரு நெருடலும் உண்டு. எலிக்ஸிரில் பயன்படும் பொருள் 'என்றென்றும் அழியா ரசாயனங்கள்' என்று பேசப்படும் பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்வைத்தன. ஒரு கிட்டார் கம்பியில் இருப்பது துளிதான், அடிக்கடி கம்பியைத் தூக்கிப்போடுவதும் குப்பைதான். இருந்தாலும் இது உங்களுக்கு முக்கியம் என்றால், சாதா செட்டும் ஒழுங்கான துடைப்பும் நல்ல வழி.

துடைப்பு என்றதும் சொல்லிவிடுகிறேன். வாசிக்கும் முன் கை கழுவுங்கள். முடித்ததும் பழைய காட்டன் பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். கவருக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு, ஜிப்பை மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் யோசனை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஒரு நிமிஷ வேலையைத் தவறாமல் செய்கிறவர் என்றால், உங்களுக்குக் கோட்டட் ஸ்ட்ரிங் கட்டாயம் இல்லை. செய்ய மாட்டேன் என்று தெரிந்தவர்கள், என்னைப் போல, காசு கொடுத்து அந்த மறதியை ஈடுகட்டலாம்.

இப்போது என் கிட்டார் ஜன்னல் பக்கத்துச் சுவரில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கவருக்குள் நிற்கிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை ப்ளேயர்தான்; பெரிதாக முன்னேறிவிடவில்லை. ஆனால் எடுக்கும்போதெல்லாம் கம்பி தயாராக இருக்கிறது. வாசிப்பு சரியில்லை என்றால், அது என் தப்புதான் என்று உறுதியாகத் தெரிகிறது. அந்தத் தப்பைப் பயிற்சியால் சரிசெய்யலாம்.

உங்கள் கிட்டாரை விற்கும் யோசனையில் இருக்கிறீர்களா? விளம்பரம் போடும் முன் ஒரே ஒரு செட் கம்பி மாற்றிப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விற்றுவிடுங்கள். வாங்குகிறவருக்காவது நல்ல கம்பி கிடைக்கும்.